நிரந்தர முகவரி

சென்ற மாதம் என் சித்தியை அழைத்துக்கொண்டு ஓர் அரச அலுவலகத்துக்குப் போயிருந்தேன். அங்கே தந்த படிவத்தில் பெயருக்கும் அடையாள அட்டை இலக்கத்துக்கும் கீழே "தற்போதைய முகவரி" என்று ஓர் இடமும், அதற்குக் கீழே "நிரந்தர முகவரி" என்று இன்னோர் இடமும் விடப்பட்டிருந்தன. முதலாவதை நான் நிரப்பினேன். இரண்டாவதற்கு வந்ததும் சித்தி என் முகத்தைப் பார்த்தார். கொழும்பு கிராண்ட்பாஸில் ஒரு தோட்டத்தில் அவர் முப்பத்தொரு வருடங்களாக வாழ்கிறார். ஆனால் அந்தத் தோட்டம் அரச காணியில் அனுமதியின்றி அமைந்தது என்பதால் அதை நிரந்தர முகவரியாக எழுத முடியாது என்று கருமபீடத்தில் இருந்தவர் சொன்னார். அவர் கடிந்து பேசவில்லை. தமக்குத் தரப்பட்ட அறிவுறுத்தலைச் சொன்னார். பிறந்த ஊரை எழுதலாமா என்று கேட்டேன். சித்தி பிறந்தது அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், அதாவது தொழிலாளர்களுக்கான வரிசை வீட்டில். அந்த லயக் காம்பிராவில் இப்போது வேறொரு குடும்பம் இருக்கிறது. எங்கள் தாத்தா உயிரோடு இருந்த காலத்திலும் அது எங்களுக்குச் சொந்தமாக இருந்ததில்லை. "அப்ப எதை எழுதுறது மகள்?" என்று சித்தி கேட்டார். அந்த இடத்தை வெறுமையாக விட்டுப் படிவத்தைக் கொடுத்துவிட்டு வந்தோம்.

வெளியூர் வாசகர்களுக்காக ஒன்றைச் சொல்லவேண்டும். மலையகத்தில் தோட்டம் என்றால் தேயிலையும் இறப்பரும். கொழும்பில் தோட்டம் என்றால் ஒரு முடுக்குக்குள் சுவரோடு சுவராக நிற்கும் வீடுகளும், அவற்றுக்கு நடுவே ஒரு பொதுக்குழாயும், கடைக்கோடியில் ஒரு வரிசைக் கழிப்பறைகளும். என் சித்தி ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு வந்தவர். இரண்டிலும் உழைப்பு அவருடையது, நிலம் வேறொருவருடையது.

அவருடைய சிக்கல் இதுதான். சித்தப்பா புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமை வேலை செய்தார். திருமணமான புதிதில், கையில் இருந்த நகைகளை விற்று, அந்தத் தோட்டத்தில் ஒரு குடும்பத்திடமிருந்து மேல்மாடி அறை ஒன்றை வாங்கினார்கள். முத்திரை ஒட்டிய ஒரு கடதாசியில் இரண்டு தரப்பும் கையொப்பமிட்டதோடு சரி. உறுதி, அதாவது காணியின் உரிமைப் பத்திரம், எழுதக்கூடிய காணி அன்று. சில வருடங்களுக்கு முன் அளவெடுக்க வந்தவர்கள் கீழ்வீட்டுக் கதவோரம் சிவப்பு மையால் ஓர் இலக்கத்தை எழுதிவிட்டுப் போனார்கள். மேல்வீட்டுக்கும் அதே இலக்கம்தான் என்று அப்போது வாய்மொழியாகச் சொன்னார்கள். இப்போது தோட்டத்தை அகற்றித் தொடர்மாடியில் வீடு தரும்போது, ஓர் இலக்கத்துக்கு ஒரு வீடு என்கிறார்கள். கீழே ஐந்து பேர், மேலே நான்கு பேர், சமையல் வேறு, மின்சார மானி வேறு. ஆனாலும் இலக்கம் ஒன்று. சித்தியிடம் பல வருடத்து மின்சாரச் சிட்டைகள் ஒரு பிஸ்கட் டின்னில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. அவருக்கு அதுவே உறுதிப்பத்திரம்.

வீடில்லாத ஏழைகளுக்குக் குடியிருப்பு நிலத்தை அரசாங்கம் உத்தரவாதப்படுத்த வேண்டுமா என்ற கேள்வியை நான் பல காலமாக மனத்தில் வைத்திருக்கிறேன். வேண்டும் என்பதே என் விடை. நிலம் என்ற சொல்லை நான் தெரிந்தே சொல்கிறேன். வீட்டை மனிதர்கள் தாங்களே கட்டிக்கொள்வார்கள். பலகையில் தொடங்கி, ஒரு சீட்டுக் காசு விழுந்ததும் கல்லுக்கு மாறி, மகள் பெரியவளானதும் மேலே ஒரு தட்டுப் போட்டு, பத்துப் பதினைந்து வருடங்களில் கட்டி முடிப்பார்கள். கொழும்பின் தோட்டங்கள் முழுவதும் இப்படித்தான் எழுந்தன. அவர்களால் உண்டாக்க முடியாத ஒன்று காலடியில் உள்ள காணியும், நாளைக்கும் அது தங்களிடமே இருக்கும் என்ற நிச்சயமும்தான். அதைத் தரக்கூடிய ஒரே தரப்பு அரசு. இந்த நாட்டின் நிலத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் அரசின் கையில் இருக்கிறது. அதில் பெரும்பகுதி காடும் நீர்நிலையும் ஒதுக்கீடும் என்பதை மறுக்கவில்லை. ஆனாலும், நிலம் இல்லை என்று சொல்லும் இடத்தில் இந்த அரசு இல்லை.

நம் அரசியலமைப்பு இந்தக் கேள்விக்கு ஒரு விடையை எழுதி வைத்துவிட்டு, உடனே அதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரை, அரச கொள்கையின் வழிகாட்டித் தத்துவங்களில் ஒன்றாக, எல்லாப் பிரசைகளும் தமக்கும் தம் குடும்பத்துக்கும் போதிய உணவு, உடை, வீடு உள்ளிட்ட வாழ்க்கைத் தரத்தை அடையவேண்டும் என்கிறது. இரண்டு உறுப்புரைகள் தாண்டி 29ஆம் உறுப்புரை, இந்தத் தத்துவங்கள் சட்ட உரிமை எதையும் வழங்குவதில்லை, எந்த நீதிமன்றத்திலும் இவற்றை வலியுறுத்த முடியாது என்கிறது. பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையில் இலங்கை 1980இல் இணைந்தது. அதன் 11ஆம் உறுப்புரையிலும் வீடு இருக்கிறது. சித்தியின் கையில் இருக்கும் மின்சாரச் சிட்டைகளுக்கு இவற்றில் ஒன்றும் உதவுவதில்லை.

உதவாதது மட்டுமன்று, எதிராக நிற்கும் சட்டமும் உண்டு. 1979ஆம் ஆண்டை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. அந்த ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபை பிறந்தது. அதே ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம் அரச காணிகளின் உடைமையை மீளப்பெறும் சட்டம். அதன்படி, அரச காணியில் அனுமதியின்றி இருப்பவருக்கு வெளியேறும் அறிவித்தல் கொடுத்து, அவர் போகாவிட்டால் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகலாம். அங்கே அவர் காட்டக்கூடிய காரணம் ஒன்றே ஒன்று: அரசு வழங்கிய செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரமோ எழுத்து மூலமான அதிகாரமோ தன்னிடம் இருக்கிறது என்பது. எத்தனை வருடம் இருந்தார், எத்தனை பிள்ளைகள், வெளியேற்றினால் எங்கே போவார் என்று கேட்கும் கடமையை அந்தச் சட்டம் நீதவான்மீது சுமத்தவில்லை. அரச காணியைத் தனியார் வளைத்துக்கொள்வதைத் தடுக்க ஒரு சட்டம் தேவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மரக்காலையும் பண்டகசாலையும் கட்டிக் காணி பிடித்தவரையும், அறை ஒன்றில் நான்கு பேராக உறங்குபவரையும் ஒரே தராசில் வைக்கும் சட்டம் நீதியான சட்டமென்று என் மனம் ஏற்கவில்லை.

இந்த நகரம் ஏழைகளின் காணியைப் பற்றி நல்லவிதமாகச் சிந்தித்த காலங்களும் உண்டு. 1973ஆம் ஆண்டின் வீட்டு உடைமை உச்சவரம்புச் சட்டம், பீட்டர் கெனமன் வீடமைப்பு அமைச்சராக இருந்த காலத்தில் வந்தது. ஒருவர் எத்தனை வீடுகளை வைத்திருக்கலாம் என்று எல்லை போட்டு, மிகுதியில் வாடகைக்கு இருந்தவர்கள் உரிமையாளராகும் வழியைத் திறந்தது. மத்திய தர வகுப்பினரில் எத்தனையோ குடும்பங்கள் இன்று கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் சொந்த வீட்டில் இருப்பதற்கு அந்தச் சட்டம் காரணம். வாடகைக்கு விடுவதற்காக வீடு கட்டுவது அதனால் சுருங்கியது என்ற குற்றச்சாட்டிலும் உண்மை இருக்கிறது. அரசு காணியிலும் வீட்டிலும் தலையிட்டபோது பயனடைந்த பல குடும்பங்களின் பிள்ளைகள், அதே தலையீடு ஒரு தோட்டத்துக்குக் கிடைக்கும்போது "சும்மா கொடுக்கிறார்கள்" என்று பேசுவதைக் கேட்கையில் எனக்கு வலிக்கிறது.

அதன்பின் அப்போது பிரதமராகவும் பின்னர் ஜனாதிபதியாகவும் இருந்த ரணசிங்க பிரேமதாசவின் காலம். வாழைத்தோட்டத்தில் வளர்ந்தவர் என்பதாலோ என்னவோ, தோட்டங்களை இடிக்க வேண்டிய அழுக்காக அவர் பார்க்கவில்லை. 1978இல் தொடங்கிய இலட்சம் வீட்டுத் திட்டத்தில் அரசே வீடு கட்டியது. செலவு தாங்கவில்லை என்று கண்டதும், 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டத்தில் முறையை மாற்றினார்கள். அரசு காணியையும் சிறு கடனையும் தரும், குடும்பம் தன் வீட்டைக் கட்டிக்கொள்ளும். நகரத் தோட்டங்களுக்கு விசேட விதி வந்தது. கட்டட விதிகளின்படி ஒரு வீட்டுக்குத் தேவையான குறைந்தபட்சக் காணி ஏழைக்கு எட்டாதது என்பதால், அந்த இடங்களில் 2 பேர்ச், அதாவது ஏறத்தாழ 50 சதுர மீட்டர் போதும் என்று தளர்த்தினார்கள். தோட்டத்து மக்கள் சமுதாய அபிவிருத்திச் சபை அமைத்து, பாதை எங்கே போகவேண்டும், கழிப்பறை எங்கே வரவேண்டும் என்று தாங்களே கயிறு பிடித்து அளந்தார்கள். வடிகானும் கிணறும் கட்டும் ஒப்பந்தங்கள் அந்தச் சபைகளுக்கே கொடுக்கப்பட்டன. 1987ஆம் ஆண்டை வீடற்றோருக்கான சர்வதேச ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை கொண்டாடியதற்கு முன்மொழிவு வைத்ததும் பிரேமதாசதான்.

நான் அந்த வருடங்களில் குழந்தை. என் அப்பா புறக்கோட்டைக் கடையொன்றில் சிப்பந்தியாக இருந்தார். நாங்கள் சித்தியின் தோட்டத்துக்கு அடுத்த முடுக்கில் வாடகைக்கு இருந்தோம். எங்கள் வரிசைக்குக் குழாய் வந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. அம்மா வாளியை வைத்துவிட்டு, தண்ணீர் நிரம்பியும் குழாயை மூடாமல் பார்த்துக்கொண்டு நின்றார். சொந்தக் காணி கிடைத்தவர்கள் அடுத்த ஒன்றிரண்டு வருடங்களில் பலகையைக் கழற்றிச் சுவர் எழுப்பியதையும், வாடகைக்கு இருந்த நாங்கள் அதே தகரத்தின் கீழ் இருந்ததையும் சிறுவயதிலேயே பார்த்தேன். இரு வீட்டிலும் வருமானம் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு துண்டுக் கடதாசி செய்யும் வேலையை நான் எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க விரும்புகிறேன். தோட்டங்களை அகற்றி மாடிகளுக்கு மாற்றும் இன்றைய திட்டத்தை முன்வைத்தபோது நகர அபிவிருத்தி அதிகார சபை சொன்ன எண்ணிக்கை, கொழும்பில் 68,812 குடும்பங்கள், அவர்கள் இருக்கும் நிலம் சுமார் 900 ஏக்கர் என்பது. குடும்பத்துக்கு நான்கு பேர் என்று வைத்தால் 2 இலட்சத்து 75 ஆயிரம் பேர். 2012 குடிசன மதிப்பீட்டில் மாநகர எல்லைக்குள் இருந்தவர்கள் 5 இலட்சத்து 61 ஆயிரம் பேர். நகரின் பரப்பு ஏறத்தாழ 37 சதுர கிலோமீட்டர். ஆகவே நகர மக்களில் பாதியை நெருங்கியோர் நகர நிலத்தில் பத்தில் ஒரு பங்கில் வாழ்கிறார்கள். இப்போது அந்த 900 ஏக்கரைப் பேர்ச் ஆக்கினால் 1,44,000. குடும்பத்துக்கு 2 பேர்ச் வருகிறது, சற்றே மிகுதியும் இருக்கிறது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் போதும் என்று அரசு வகுத்த அளவு அதே 2 பேர்ச். பாதைக்கும் வடிகானுக்கும் இடம் விடவேண்டும், கால்வாய்க் கரையில் இருப்போரை நகர்த்தவேண்டும், ஆகையால் சில இடங்களில் இரண்டு மூன்று தட்டுகளாகச் சேர்ந்து கட்டவேண்டிவரும். ஆனால் உத்தரவாதம் என்றதும் அரசு எங்கிருந்தோ புதிதாகக் காணி தேடவேண்டும் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கவேண்டும். கொழும்பைப் பொறுத்தவரை பெரும்பாலானோர் ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கும் காணியை அவர்களுக்கு எழுதிக்கொடுத்தால் போதும்.

அவர்கள் நிற்கும் காணியே திட்டத்துக்குத் தேவைப்படுகிறது என்பதுதான் சிக்கல். 2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. அவ்வருடம் மே மாதம் கொம்பனித்தெரு மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்டபோது, பல தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த குடும்பங்கள் ஒரே நாளில் தெருவுக்கு வந்தன. அவர்களில் உறுதி வைத்திருந்தவர்களும் இருந்தார்கள். தோட்டங்கள் விட்டுச்செல்லும் காணியைத் தனியார் முதலீட்டுக்குக் கொடுத்து, அந்தப் பணத்தில் மாடிகளைக் கட்டுவது என்ற எண்ணம் புதியதன்று. 2001இல் வனாத்தமுல்லையில் 671 வீடுகளுடன் எழுந்த சகஸ்புரவும் அதே எண்ணத்தில் கட்டப்பட்டதுதான். மாடி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வெள்ளத்தில் ஒவ்வொரு மழைக்கும் மூட்டை கட்டிய குடும்பங்களுக்கு, மழை ஒழுகாத கூரையும் தனிக் கழிப்பறையும் எவ்வளவு பெரிய விடுதலை என்பதை அவர்கள் வாயாலேயே கேட்டிருக்கிறேன். 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகிக் கொலன்னாவை மூழ்கியதும், 2017 சித்திரைப் புத்தாண்டு தினத்தில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து வீடுகளைப் புதைத்ததும் நம் கண்முன் நடந்தவை. சில இடங்களிலிருந்து மக்களை அகற்றத்தான் வேண்டும்.

ஆனால் அகற்றப்படுபவர் எதை இழக்கிறார் என்று யாரும் எழுதி வைப்பதில்லை. எங்கள் முடுக்கில் அதிகாலை மூன்றரை மணிக்கு இடியப்பம் பிழியும் ஓர் அக்கா இருந்தார். விறகடுப்பு வாசலில். ஆறு மணிக்குள் பக்கத்துக் கடைகளுக்குப் போய்விடும். மிகுதியை வாசலிலேயே விற்பார். அவருக்கு இப்போது ஒன்பதாம் மாடியில் வீடு. வீடு சுத்தமாக இருக்கிறது. விறகு எரிக்க முடியாது. எரிவாயுவில் செய்தால் கட்டுப்படியாகாது. மாவை அரைத்து எடுத்துக்கொண்டு போகும் நேரத்தில் மின்தூக்கி வேலை செய்யுமா என்று சொல்ல முடியாது. ஒன்பதாம் மாடிக்கு ஏறிவந்து இடியப்பம் வாங்கவும் யாரும் இல்லை. அவருடைய வீடு ஒரு தொழிற்சாலையாகவும் கடையாகவும் இருந்தது. மாற்றுவீடு கணக்கிட்டவர்கள் அதைச் சதுர அடியில் மட்டும் அளந்தார்கள். வருமானம் போன அதே மாதத்தில் தவணைப் பணமும் பராமரிப்புப் பணமும் தொடங்கின. இந்தத் திட்டத்தில் பல குடும்பங்களிடம் வீட்டுக்கு மொத்தம் பத்து இலட்சம் ரூபா அளவில், இருபது முப்பது வருடத் தவணையாகக் கேட்கப்பட்டது. சொந்தக் காணியில் தாங்களே கட்டிய வீட்டை இடித்துவிட்டு, கையளித்த காணிக்கு ஒரு சதமும் கணக்கில் சேர்க்காமல், புதிய வீட்டுக்கு விலை கேட்பதை எப்படி நியாயப்படுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. இதைப் பற்றிச் சித்தியிடம் கேட்டபோது அவர் சொன்னது: "சும்மா ஒன்னும் வேணாம் மகள். கட்டுற காசு எதுக்குன்னு என் பேர்ல ஒரு கடதாசியில எழுதித் தரட்டும்."

வாடகைக்கு இருப்பவர்களின் கதை இன்னும் மோசம். தோட்டத்துக்குள்ளும் வீட்டுக்காரர், வாடகைக்காரர் உண்டு. கதவு இலக்கம் வீட்டுக்காரரின் பெயரில். இடித்தால் மாற்றுவீடு அவருக்கு. பின்னறையில் பத்து வருடமாக வாடகை கொடுத்தவர் எந்தப் பட்டியலிலும் இல்லை. வீடற்றவர் என்றதும் கோட்டைப் புகையிரத நிலையத்துக்கு எதிரே படுத்திருப்பவர்களை மட்டும் நினைக்கிறோம். அவர்களுக்கு முதலில் ஓர் இரவுத் தங்குமிடமும் மருத்துவமும் வேண்டும், காணி பிறகு. இந்த நகரத்தில் வீடற்றோரில் மிகப் பெரும்பாலோர் கூரையின் கீழ்தான் உறங்குகிறார்கள். அந்தக் கூரை அடுத்த மாதம் தங்களுக்கு இருக்குமா என்று தெரியாமல் உறங்குகிறார்கள். உத்தரவாதம் அவர்களை எண்ணாவிட்டால், ஓரளவு கால் ஊன்றியவருக்கே மறுபடியும் கொடுத்ததாக முடியும்.

மலையகத்திலிருந்து வந்தவர்கள் இந்த வரிசையில் கடைசியில் நிற்கிறார்கள், அதற்கு நீண்ட காரணம் இருக்கிறது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நாடு முழுவதும் நிலமற்ற விவசாயிகளுக்குக் காணி பகிர்ந்தளிக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால், இந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்தவர்களின் வழிவந்த எங்கள் மக்களில் பெரும்பான்மையோர் நாடற்றவரானபோது, அந்தப் பகிர்வின் கதவும் அவர்களுக்கு அடைபட்டது. 1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தங்கள் பெருந்தோட்டங்களை அரசுடைமையாக்கின. அரசு எடுத்த காணியில் தலைமுறை தலைமுறையாக வியர்வை சிந்தியவர்களுக்கு ஒரு பேர்ச்கூட அப்போது எழுதப்படவில்லை. நாடற்ற நிலை சட்டத்தில் நீங்குவதற்கு 2003 வரை ஆயிற்று. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, மண்ணுக்குள் போன குடும்பங்களின் பெயரில் அந்த மண் இருக்கவில்லை. 2015க்குப் பிறகு தனிவீடுகளுக்கு 7 பேர்ச் காணி என்ற கொள்கை வந்து, பசுமை பூமி என்ற பெயரில் உறுதிகள் வழங்கப்பட்டதை நான் மதிக்கிறேன். ஒரு பேர்ச் 272 சதுர அடி. ஏழு பேர்ச் 1,900 சதுர அடி. லயக் காம்பிராவில் பிறந்தவர்களுக்கு அது சிறிய அளவன்று. ஆனால் தோட்டத்தில் இன்னும் இருப்பவருக்கே அது. என் சித்தியைப்போல் பதினாறு வயதில் வீட்டு வேலைக்குக் கொழும்புக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை.

எதிர்வாதங்களில் ஒன்றை நான் உண்மையாகவே கனமானதாக எடுத்துக்கொள்கிறேன். காணி உத்தரவாதம் என்று அறிவித்தால் நாளைக்கே கால்வாய்க் கரையெல்லாம் புதிய தகரங்கள் முளைக்கும், அவற்றை முளைக்க வைப்பவர்கள் ஏழைகளாக இருக்கமாட்டார்கள், பத்துத் தகரங்களை நட்டு வாடகைக்கு விடும் அரசியல்வாதியின் ஆளாக இருப்பார்கள் என்பது அது. இது நடந்திருக்கிறது. இதற்கு மருந்து, எண்ணும் நாளை முன்கூட்டி அறிவிக்காமல் எண்ணுவதும், எண்ணிய பட்டியலை அந்தத் தோட்டத்திலேயே சுவரில் ஒட்டி அயலவர் முன் சரிபார்ப்பதும்தான். யார் எவ்வளவு காலமாக இருக்கிறார்கள் என்பது முடுக்கில் இருப்பவர்களுக்குத் தெரியாமல் போகாது. காணி கிடைத்ததும் விற்றுவிடுவார்கள் என்ற வாதத்தை நான் அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. ஏதோ ஒரு நோய்க்கோ கடனுக்கோ ஏழை தன் காணியை விற்கிறார் என்றால், நோயும் கடனும்தான் அங்கே கேள்வி. ஆனாலும் முதல் பத்துப் பதினைந்து வருடங்களுக்கு விற்பதாயின் மாநகர சபைக்கோ, பட்டியலில் காத்திருக்கும் இன்னொரு குடும்பத்துக்கோதான் விற்கலாம் என்று விதிப்பதில் எனக்கு உடன்பாடு உண்டு.

உறுதி யாருடைய பெயரில் எழுதப்படவேண்டும் என்பதிலும் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. கணவன் மனைவி இருவர் பெயரிலும் எழுதவேண்டும். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் வாரிசு அட்டவணையில் மகளுக்கு முன் மகன் என்று இருந்தது. அதைத் திருத்த 2022 வரை காலம் எடுத்தது. மூத்தவனுக்கே எல்லாம் என்று எழுதப்பட்ட காணியிலிருந்து வெளியேறிய பெண்கள் எத்தனை பேர் இந்நகரத்து முடுக்குகளில் இருக்கிறார்கள் என்று எண்ணிப்பார்க்கிறேன்.

உத்தரவாதம் என்றால் கேட்டவருக்குக் கேட்ட நாளில் காணி என்று பொருளல்ல. தென்னாபிரிக்க அரசியலமைப்பின் 26ஆம் பிரிவு வீட்டுரிமையை நீதிமன்றம் விசாரிக்கக்கூடிய உரிமையாக வைத்திருக்கிறது. கேப் டவுனுக்கு வெளியே காணி ஒன்றிலிருந்து வெளியேற்றப்பட்ட 390 பெரியவர்களும் 510 பிள்ளைகளும் தொடர்ந்த வழக்கில், ஐரீன் குருட்பூமின் பெயரால் அறியப்படும் அந்த வழக்கில், 2000ஆம் ஆண்டு அரசியலமைப்பு நீதிமன்றம் சொன்னது இதுதான்: எல்லோருக்கும் உடனே வீடு கொடுக்கும்படி அரசைக் கட்டாயப்படுத்த முடியாது, ஆனால் அரசின் திட்டம் நியாயமானதாக இருக்கவேண்டும், இன்றிரவு தலைசாய்க்க இடமில்லாதவரை மறந்த எந்தத் திட்டமும் நியாயமானதாகாது. குருட்பூம் 2008இல் இறந்தபோதும் குடிசையில்தான் இருந்தார். ஆகவே தீர்ப்பு மட்டும் போதாது என்பதையும் அதே வழக்கு காட்டுகிறது. தீர்ப்பின் பின்னால் காணியும் பணமும் கால எல்லையும் வேண்டும். கேரளம் இதை அளவு குறித்தே செய்தது. 1970இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, பிறர் காணியில் குடிசை போட்டிருந்த குடிகிடப்புக்காரர்கள் ஊராட்சிப் பகுதியில் 10 சென்ட், நகராட்சியில் 5 சென்ட், பெருநகரத்தில் 3 சென்ட் காணியைக் குறைந்த விலைக்கு வாங்கும் உரிமை பெற்றார்கள். நம் அளவில் 3 சென்ட் ஏறத்தாழ ஐந்து பேர்ச். மேடையில் ஒருவர் வந்து கையில் கொடுக்கும் பரிசாக அது இருக்கவில்லை. இல்லையென்றால் வழக்குப் போடக்கூடிய உரிமையாக இருந்தது.

நம் நாட்டில் காணி உறுதிகளுக்கு ஸ்வர்ணபூமி, ஜயபூமி, ரன்பிம, உறுமய என்று ஆட்சிக்கு ஒரு பெயர் வந்தது. விழா வைத்து உறுதி கொடுத்தார்கள். பெரும்பாலும் கிராமத்து விவசாயக் காணிகளுக்கு. வாங்கியவர்களின் மகிழ்ச்சி உண்மையானது, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் கொடுப்பவர் மனம் வைத்தால் கிடைக்கும், மனம் மாறினால் நிற்கும் என்ற ஏற்பாட்டை உத்தரவாதம் என்று அழைக்க முடியாது. எனக்கு வேண்டியது நான்கு வரிகளில் எழுதக்கூடிய ஒரு சட்டம். நகரத்தில் நீண்டகாலம் வாழ்ந்தவரை, அவர் வாழும் இடத்திலோ தொழிலுக்கு நடந்து போகக்கூடிய தூரத்திலோ எழுத்து மூலமான காணியுரிமை தராமல் வெளியேற்றக்கூடாது. குடும்பத்தைக் கதவு இலக்கத்தால் எண்ணாமல் அடுப்பால் எண்ணவேண்டும். வாடகைக்காரரும் அதில் அடங்கவேண்டும். இவை மீறப்பட்டால் நீதவான் முன் சொல்லக்கூடிய காரணமாக அது இருக்கவேண்டும்.

காலிமுகத்திடலுக்கு அருகே கடலை நிரப்பி, துறைமுக நகரம் என்ற பெயரில் 269 ஹெக்டயர் நிலத்தை நாம் உண்டாக்கியிருக்கிறோம். 665 ஏக்கர். அதற்கென்று தனிச்சட்டம், தனி ஆணைக்குழு, 99 வருடக் குத்தகை, முதலீட்டாளருக்குக் கொடுத்த வாக்கு ஆட்சி மாறினாலும் மாறாது என்ற உறுதி, எல்லாம் செய்யப்பட்டன. நீண்டகால உத்தரவாதம் கொடுக்கத் தெரியாத அரசு இது அன்று. அதே கவனத்தோடும் அதே எழுத்து மூலமான உறுதியோடும் 900 ஏக்கரை நோக்கித் திரும்பினால் போதும் என்று கேட்கிறேன்.

சித்தியின் கோப்புக்கு இன்னும் முடிவு வரவில்லை. மேல்வீட்டில் தனி அடுப்பு இருந்தது என்று கிராம உத்தியோகத்தரிடம் ஒரு கடிதமும், அயலவர் இருவரின் சத்தியக் கடதாசியும், பழைய சிட்டைகளும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். கீழ்வீட்டார் சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டுவிட்டார்கள். பிஸ்கட் டின்னில் இருந்தவற்றை நேற்று இரவு வருட வரிசையில் அடுக்கினோம். மிகப் பழையவற்றில் எழுத்து மங்கிவிட்டது, எனவே அவற்றை மட்டும் நிழற்படப் பிரதி எடுத்து ஓரத்தில் தொகையையும் திகதியையும் பேனையால் எழுதினேன். வரும் புதன்கிழமை காலை எட்டரைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். வரிசை நீளும் என்பதால் ஏழு மணிக்கே போய்விடலாம் என்கிறார் சித்தி.